குறைவாகச் சுமக்கிற விமானம்

அதிகாரி கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்கள்," என்றார். "அவை சோடியாகத்தான் வரும். மற்றதும் வரட்டும்."

ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலை மண்டபம் அது. காலை வெயில் ஓட்டு இடுக்குகளால் இறங்கிச் சீமெந்து நிலத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. மேடையில் மைக்குக்கு முன்னால் என் அண்ணை றெஜி. பக்கத்துக் கதிரையில் நான். எதிர்ப்பக்கம் நெடுந்தீவிலிருந்து வந்த இருவர். முன்வரிசையில் நடுவராக, வெள்ளைச் சீருடையில், கடற்படை அதிகாரி. அவருக்குப் பின்னால் மண்டபம் நிறையப் பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும்.

ஆங்கில விவாதப் போட்டி. நாட்டின் விமானப் படை அடுத்ததாக எந்தப் போர் விமானத்தை வாங்க வேண்டும் என்பது தலைப்பு.

சற்று முன்புதான் ஒரு விமானம் மேற்குக் கடல் பக்கமாக வானத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அது போனபோது அண்ணை, மைக் முன்னால் நிற்பதை மறந்து, ஒரு காரியம் செய்துவிட்டார். அதனால்தான் இப்போது மண்டபம் முழுவதும் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தது.

என் கையிலிருந்த பேச்சுத்தாள் வியர்வையில் நனைந்து, நீல மை விரலில் ஒட்டியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபடியே இருந்தேன். நிமிர்ந்தால் அம்மாவின் முகம் தெரியும்.

அந்தக் காத்திருப்பு எப்படி முடிந்தது என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். சமாதான காலத்தில் நாங்கள் வன்னியிலிருந்து ஊர் திரும்பிய கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். வாசித்த ஒருவர், "குண்டு போட்ட விமானத்தில் உங்களுக்கு ஏன் இத்தனை பிரியம்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு பங்கருக்குள் இருக்கிறது.

சத்தத்துக்குப் பெயர்

வன்னியில் நாங்கள் இருந்த வளவில், பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் ஒன்று இருந்தது. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தவளைகள் எங்களுக்கு முன்பே இறங்கியிருக்கும். அக்கா என் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். அண்ணை அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொள்வார்.

அந்த இருட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருவர், பெரும்பாலும் அக்காதான், சத்தத்தைக் கேட்டு விமானத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அது எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். "கிபிர். இஞ்ச இல்லை. அங்கால போகுது." அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள். பெயர் சொல்லாத சத்தம் எல்லோர் தலைக்கும் நேரே வருவது போல இருக்கும்.

குண்டு போட வருகிற ஜெட் விமானமான கிபிர் என்றால் வானம் சீலை கிழிவது போலக் கிழியும். சத்தம் வரும்போது அது எங்களைத் தாண்டியிருக்கும். அன்ரனோவ் என்பது பலாலிப் படைமுகாமுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகிற, காற்றாடி வைத்த கிழட்டு விமானம். அது நெஞ்சுச்சளி பிடித்தவர் போல முனகிக்கொண்டு போகும். இரண்டையும் மாறிச் சொல்வதற்கு ஒருவன் செவிடாக இருக்க வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெயர் மட்டும் போதவில்லை. ஏன் அப்படிச் சத்தம் போடுகிறது, எப்படித் திரும்புகிறது, எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்டு எல்லோரையும் அரித்தேன். பயத்துக்கு என்னிடமிருந்த ஒரே மருந்து அதுதான். ஊர் திரும்பிய பிறகு யாழ்ப்பாணத்து நூலகத்தில் ஒரு தடித்த விமானப் புத்தகம் கிடைத்தது. பஸ் எடுத்துப் போய், அதற்கு முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். அப்பா அதை "பூசைக்குப் போறாள்" என்பார்.

அக்கா வன்னியிலேயே கல்யாணம் கட்டி, விசுவமடுவில் கைக்குழந்தையோடு நின்றுவிட்டார். வன்னிக்குப் போகும் பாதை திறந்திருந்த காலத்தில் நினைத்தால் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்தான் அது.

கப்பலில் இரண்டு இடம்

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, பாதை மூடப்பட்டது. அக்காவோடு போன் தொடர்பும் அறுந்தது. வன்னியை ஆண்ட இயக்கத்திடமும் சின்ன விமானங்கள் இருக்கின்றன என்று தெரியவந்த வருடம் அது. அவற்றை மறிக்கப் புதுப் போர் விமானம் வாங்கப்போவதாகக் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. ரஷ்ய விமானமா, சீன விமானமா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கம் பக்கமாகச் சண்டை நடக்கும். பழைய பத்திரிகையில் சுற்றி வந்த கருவாட்டைக் கூட நான் மெதுவாகத்தான் பிரிப்பேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பொடியன்கள் காலையில் சைக்கிளில் போவார்கள். பின்னேரம் சைக்கிள் மட்டும் வேலி ஓரத்தில் கிடக்கும். யார் கொண்டுபோனது என்று கேட்கவும் ஒருவரும் துணிவதில்லை. வன்னியில் இருந்து வந்தவர்கள் என்பதால் எங்கள் வீட்டின்மேல் ஒரு கண் எப்போதும் இருந்தது. ஒரு சுற்றிவளைப்புக்குப் பிறகு, கிழமைக்கு ஒருமுறை கடற்படை முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கும்படி அண்ணைக்குச் சொல்லப்பட்டது. அவர் போய்த் திரும்பி வரும்வரை அம்மா குசினிக்கும் வாசற்படலைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பார். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்து மணக்கும்.

கொழும்புக்குப் போக இருந்தது கப்பல் மட்டும்தான். கப்பலில் ஏற அனுமதி வேண்டும். கையெழுத்து வைக்கிற பொடியனுக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்?

இந்த நிலையில்தான் எங்கள் ஆங்கில ஆசிரியை ஸ்ரெல்லா ரீச்சர் ஒருநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தார். தீவுப் பகுதி இளம் ஆட்களுக்கு ஆங்கில விவாதம் வைக்கிறார்களாம். முகாம் அதிகாரிதான் நடுவர், தலைப்பும் அவர் தந்ததுதான். இரண்டு பேர் கொண்ட குழு. வெல்கிற குழு இறுதிப் போட்டிக்குக் கொழும்புக்குப் போகும். கப்பலில் இடமும் அனுமதியும் அவர்களே தருவார்கள்.

"இரண்டு பேருக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம். இரண்டு பேருக்கும்."

அம்மா அண்ணையைப் பார்த்த பார்வையிலேயே குழு அமைந்துவிட்டது.

குசினியில் ஒரு தெரிவு

போட்டி எங்கள் ஊரில் நடப்பதால், எந்த விமானத்துக்காகப் பேசுவது என்று முதலில் தெரிவு செய்யும் உரிமையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று பின்னேரம் எல்லோரும் குசினியில் இருந்தோம்.

"ரஷ்யன்தான்," என்றேன். "ரெண்டு எஞ்சின். எழும்பினால் நேர மேல ஏறும். சீனாக்காரன்ர சின்னன். பழைய சாமான்."

அப்பா வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். "நீ என்ன, வாங்கப் போறவள் மாதிரிக் கதைக்கிறாய்."

"போட்டி அப்பா. வெல்லோணும். ரஷ்யனுக்குக் கதைச்சால் நெடுந்தீவார் வாயே திறக்க ஏலாது."

எனக்கு அந்த விமானத்தின் படம் மனப்பாடம். கழுத்து நீண்ட கடற்பறவை ஒன்று சிறகை அகல வைத்து இறங்குவது போல இருக்கும். அதைப் பற்றி ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்குச் சொல்லக் கிடைப்பதை நினைத்தே எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எது குறைவாக் கொண்டுபோகும்?" என்று கேட்டார்.

"என்னத்தை?"

"குண்டை."

அம்மாவின் அகப்பை சட்டிக்குள் நின்றது. அக்காவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

"சின்னன்தான்," என்றேன். "ஒரு எஞ்சின். கனக்கக் கொண்டுபோகாது. தூரமும் போகாது."

"அப்ப அதுக்குக் கதைப்பம்."

"தோத்தால்? கப்பல் போயிடும் அண்ணை."

"தோத்தால் தோத்ததுதான். பெரிசை வாங்குங்கோ எண்டு என்ர வாயால சொல்ல ஏலாது."

அப்பா சிரித்தார். "நீங்கள் ரெண்டு பேரும் சொல்லித்தான் அங்க வாங்கப் போறாங்கள். பொறு, நானும் ஒரு வள்ளம் கேக்கப்போறன், சொல்லிவிடுங்கோ."

"வாங்கினாலும் வாங்காட்டிலும் சொன்னது நானெல்லோ," என்றார் அண்ணை.

"எதையாவது சொல்லி வெண்டு போங்கோ," என்றார் அம்மா. "இவன் இஞ்ச நிக்கக் கூடாது. எனக்கு அவ்வளவும்தான்."

இப்படியாகத்தான், நாட்டின் வான் பாதுகாப்புக்கு எந்த விமானம் ஏற்றது என்பது எங்கள் குசினியில் முடிவானது. எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அக்காவுக்காக. மிச்சம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ரஷ்ய விமானத்துக்காக.

தெரிந்திருக்கக்கூடியவை

ஸ்ரெல்லா ரீச்சர் எங்களைப் பழக்கினார். நான் எழுதிய முதல் பேச்சை வாசித்துவிட்டு அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஜெனி, இது எங்க படிச்சனீர்?"

"லைப்ரரியில ரீச்சர். கொஞ்சம் நானாக யோசிச்சது."

"நானாக யோசிச்சது எண்டு அங்க போய்ச் சொல்லுவீரோ? வன்னியில இருந்து வந்த பிள்ளை, விமானம் எப்பிடித் திரும்பும், எவ்வளவு நேரத்தில வரும் எண்டு சொன்னால் கேக்கிறவர் என்ன நினைப்பார்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெல்வதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவே எங்களைப் பிடித்துக் கொடுக்கும்.

அதன் பிறகு ரீச்சர் ஒரு சட்டம் போட்டார். கொழும்புப் பத்திரிகையில் அச்சான செய்தி எங்களுக்குத் தெரியலாம். புத்தகத்தில் உள்ளது கொஞ்சம் தெரியலாம், அதுவும் எனக்கு மட்டும். காதால் தெரிந்தது ஒன்றுமே தெரியக் கூடாது. அண்ணை கையெழுத்து வைக்கிறவர், ஆகவே அவர் விலை, பராமரிப்பு, விமானிகளின் பழக்கம் ஆகியவற்றை மட்டும் பேச வேண்டும். சீனாவின் சின்ன விமானங்கள் ஏற்கெனவே விமானப் படையிடம் இருந்தன. பழகிய விமானி, பழகிய இயந்திரம், குறைந்த செலவு. இதுதான் அண்ணையின் வாதம்.

அண்ணை அதை வரி விடாமல் பாடமாக்கினார்.

"றெஜி, நீர் செபமாலை சொல்லுற மாதிரிச் சொல்லுறீர்," என்றார் ரீச்சர். "விமானம் விக்கிறவன் மாதிரிச் சொல்லும்."

"நான் மீனே வித்ததில்லை ரீச்சர். அம்மாதான் விக்கிறவ."

"அப்ப அம்மா மாதிரிச் சொல்லும்."

அதற்குப் பிறகு அண்ணையின் பேச்சு நன்றாகவே வந்தது. கொஞ்சம் பேரம் பேசுகிற தொனி இருந்தது. நாங்கள் வெல்லக்கூடும் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

மண்டபத்தில்

நெடுந்தீவுக் குழுவில் முதலில் பேசியவன் குமார். அண்ணையின் வயதுதான். காற்றில் காய்ந்த முகம், நல்ல ஆங்கிலம். அவனுக்குக் கிடைத்தது என்னுடைய ரஷ்ய விமானம். அவன் அதைப் பற்றிச் சொன்னதில் பாதி பிழை. திருத்தாமல் இருப்பதற்கு நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சபை அவன் பக்கம்தான் சாய்ந்தது. பெரிய பொருளைப் பற்றிப் பேசுகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

அடுத்து அண்ணை எழுந்தார். விலை சொன்னார். பழக்கம் சொன்னார். அம்மாவின் குரலில், "வாங்கிய பிறகு ஓட்டப் பழகுவதா, ஓட்டத் தெரிந்ததை வாங்குவதா?" என்று கேட்டார். அதிகாரி தலையசைத்து எதையோ குறித்தார்.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மேற்கே வானம் கிழிந்தது. மண்டபத்தில் இருந்த உடம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் குனிந்தன. ஒரு தாய் பிள்ளையின் தலையை மடிக்குள் அழுத்தினார். பின்வரிசையில் ஒரு சிறுமி அழத் தொடங்கினாள்.

அண்ணை அந்தச் சிறுமியைப் பார்த்தார். வீட்டில், பங்கரில், வழியில், எத்தனையோ முறை செய்ததை அவர் வாய் தானாகச் செய்தது.

"கிபிர். இஞ்ச இல்லை. அங்கால போகுது. பயப்பிடாதேங்கோ."

தமிழில், மைக்கில்.

சிறுமி அழுகையை நிறுத்தினாள். அண்ணை ஆங்கிலத்துக்குத் திரும்ப வாயைத் திறந்தார். அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார்.

"விமானத்தின் பெயரைச் சொன்னீர்கள்," என்றார் ஆங்கிலத்தில். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரல். அதுதான் என்னைக் குளிரச் செய்தது. "கண்ணால் காணவில்லை. எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

அண்ணை மைக்கை விட்டு ஒரு அடி பின்னுக்குப் போனார்.

நான் எழுந்து நின்றேன். யோசித்து எழுந்ததாக நினைவில்லை.

"அவருக்குத் தெரியாது சேர். சும்மா சொல்வார். வீட்டிலும் இப்படித்தான், எப்போதும் பிழையாகத்தான் சொல்வார். நாங்கள் பகிடி பண்ணுவோம்."

"அப்படியா?" என்றார் அதிகாரி. அப்போதுதான் கையை உயர்த்தி, மற்றதும் வரட்டும் என்றார்.

காத்திருந்தோம். முற்றத்தில் ஒரு காகம் தகரத்தில் நடக்கும் சத்தம் கேட்டது. வராமல் இருக்கட்டும் என்று மாதாவை மன்றாடினேன். அது வந்தது. முதலாவதை விடக் கிட்டவாக, சன்னல் கண்ணாடி அதிர, சந்தேகத்துக்கே இடமில்லாத கிபிர்.

சத்தம் அடங்கியதும் அதிகாரி, "இது என்ன?" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்.

"அன்ரனோவ், சேர்."

மண்டபம் சிரித்தது.

பின்வரிசைப் பிள்ளைகள்தான் தொடங்கினார்கள். பிறகு தாய்மார், பிறகு எல்லோரும். அந்தச் சத்தத்தைப் போய் அன்ரனோவ் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஒரு கணம் நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அடுத்த கணம் எல்லோருக்கும் ஒன்றாக விளங்கியது. பிழையான விடைக்குச் சிரிக்கிறவனுக்குச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு நடுவிலேயே அறுந்தது. ஒரு முழு மண்டபம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தது.

அதிகாரி கதிரையில் திரும்பி, வரிசை வரிசையாகப் பார்த்தார். அவர் கண் போன வரிசையில் எல்லாம் தலைகள் தாழ்ந்தன. கடைசியில் மேடைக்குத் திரும்பி, தோள் குலுங்கச் சிரித்திருந்த குமாரைப் பார்த்தார்.

"நீங்கள் ஏன் சிரித்தீர்கள்?"

குமார் எழுந்தான். அவன் உண்மையைச் சொன்னால் போட்டி அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கப்பலில் இரண்டு இடமும் அவர்களுக்கு. அண்ணைக்கு என்ன நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்க முடியவில்லை.

"அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தேன் சேர்," என்றான் குமார். "சோதனையில் பார்த்து எழுதிப் பிடிபட்டவன் மாதிரி நிற்கிறார்."

அதிகாரி அண்ணையின் முகத்தைப் பார்த்தார். அது உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அவர் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. பிறகு குமாரிடம் முழுப் பெயரும் ஊரும் கேட்டார். கேட்டு எழுதிக்கொண்டார்.

"தொடருங்கள்," என்றார்.

அண்ணையால் தொடர முடியவில்லை. மிச்சத்தை நான் பேசினேன். முடிவில் அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் விமானம் குறைவாகச் சுமக்கிறது. அது குறைபாடு அல்லவா?"

"வானத்தில் வருவதை மறிக்கத்தானே சேர் வாங்குகிறோம். மறிக்கிறவனுக்குச் சுமை எதற்கு?"

அவர் எதையும் குறிக்காமல் என்னைப் பார்த்தார். நாங்கள் எதற்காக அந்த விமானத்தைத் தெரிவு செய்தோம் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நெடுந்தீவு முதலிடம். நாங்கள் இரண்டாவது.

படலையில் சைக்கிள்

வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது அம்மா, "உனக்கு வாயை வைச்சுக்கொண்டிருக்க ஏலாதோ?" என்று அண்ணையைக் கேட்டார்.

"பிள்ளை அழுதது அம்மா."

அடுத்த கையெழுத்து நாளன்று அண்ணை காலையில் போனார். வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டியது. மத்தியானமும் தாண்டியது. அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் முற்றத்தில் நின்றார். நான் விமானப் படங்கள் வெட்டி ஒட்டி வைத்திருந்ததை எல்லாம் எடுத்து அடுப்பில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தபடி இருந்தார். தடுக்கவில்லை.

வெயில் சாயத்தான் அண்ணை வந்தார். முகம் சாம்பலாய் இருந்தது.

"அடிச்சவங்களோ?"

"இல்லை. மர வாங்கில இருத்தி வைச்சவங்கள். அவ்வளவுதான்."

"அவர் கேட்டவரோ?"

"ஒண்டும் கேக்கேல்லை. இடையில ஒரு சத்தம் வந்தது. அவர் வாசலுக்கு வந்து என்னைப் பாத்தவர். நான் நிலத்தைப் பாத்தனான். பிறகு உள்ள போயிட்டார்."

கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருக்கலாம். கேட்காமல் பார்த்துவிட்டுப் போனதை வைத்துக்கொண்டு நாங்கள் எதுவும் செய்ய முடியவில்லை.

அந்தக் கிழமையே ஸ்ரெல்லா ரீச்சர் திரும்பவும் வந்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, பிடித்தபடியே சொன்னார்.

"நெடுந்தீவார் போக மாட்டினமாம். குமாற்ற தகப்பன் படகில வந்து சொல்லிப்போட்டுப் போறார். 'சிரிச்சதுக்கே பேர் கேட்டவங்கள், கொழும்பில என்னத்துக்குப் பேர் கேப்பாங்களோ' எண்டு. மகனை வீட்டை விட்டு வெளிக்கிட விடமாட்டாராம்."

"அப்ப?" என்றார் அம்மா.

"அப்ப ரெண்டாவது வந்தவை போகலாம் எண்டு முகாமில சொல்லியிருக்கினம்."

நாங்கள் கேட்டது அதுதான். அது வந்தபோது ஒருவருக்கும் கை நீட்டி வாங்கத் துணிவு வரவில்லை. யார் சொன்னது? அந்த அதிகாரியா? அவர் தெரிந்துகொண்டே போக விடுகிறாரா, தெரிந்துகொண்டு கூப்பிடுகிறாரா? காங்கேசன்துறையில் கப்பலில் ஏற்றுவதற்கு முன் தனியாகக் கூப்பிட்டு எடுத்தால் என்ன செய்வது?

"போக வேண்டாம்," என்றார் அப்பா. "இஞ்ச நிண்டால் எங்கட கண்ணுக்கு முன்னால எண்டாவது இருக்கும்."

"கண்ணுக்கு முன்னால நடந்தால் தடுப்பியளோ?" என்றார் அம்மா. அம்மா அண்ணையின் நல்ல சேட்டை எடுத்து நீர் தெளித்து மடித்தார்.

குமாரை நான் பிறகு சந்திக்கவில்லை.

நீர்கொழும்பு

காங்கேசன்துறையில் ஒவ்வொரு சோதனையிலும் அண்ணையின் பெயரை இரண்டு முறை வாசித்தார்கள். கடைசி மேசையில் இருந்தவன் அண்ணையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போ என்று தலையசைத்தான். கப்பல் கரையை விட்ட பிறகும் அண்ணை உட்காரவில்லை. திருகோணமலை வரை கம்பியைப் பிடித்தபடியே நின்றார்.

கொழும்பில் முதல் சுற்றிலேயே தோற்றோம். அதற்காக யாரும் கவலைப்படவில்லை. அண்ணை நீர்கொழும்பில் சின்னம்மா வீட்டில் தங்குவது என்றும், நான் பாடசாலைச் சோதனை எழுத ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருப்பது என்றும் ஏற்பாடு. சின்னம்மா வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. சந்தியில் பொடியன்கள் கூட்டமாய் நின்று சிரித்தார்கள். அண்ணை முதல் இரண்டு நாளும் நித்திரை கொண்டார். சாப்பிட எழும்பினார், திரும்பவும் நித்திரை கொண்டார்.

மூன்றாம் நாள் காலை நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விமானப் படைத் தளம் கிட்டத்தான் இருக்கிறது என்று சின்னம்மா சொல்லியிருந்தார். அவ்வளவு கிட்ட என்று நான் நினைக்கவில்லை.

தென்னைகளுக்கு மேலால் அது ஏறியது. அதன் பின்னால் மற்றது.

பங்கருக்குள் இருந்தவளுக்கு இத்தனை வருடமும் அது வெறும் சத்தம். இப்போது வயிற்றுப்புறம் முழுதும் தெரிந்தது. முக்கோணச் சிறகு, எஞ்சின் வாயின் செம்மஞ்சள், வெயில் பட்டு ஒரு கணம் வெள்ளியாகி மறைந்த மூக்கு. எத்தனை அழகு என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அது அழகாகத்தான் இருந்தது. ஈரச் சட்டை கையில் இருக்க, வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் சிறகுகளுக்குக் கீழே கண் போனது. தொங்கியவற்றில் எது எரிபொருள் தாங்கி, எது அது இல்லை என்று பிரித்தறிய எனக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது. புத்தகம் அவ்வளவு நன்றாகச் சொல்லித் தந்திருந்தது.

அவை வடக்கே திரும்பின.

பக்கத்து வளவில் ஒரு பெண் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவே இல்லை.

உள்ளே ஓடினேன். அண்ணை ஏற்கெனவே எழுந்து, சுவரோடு சாய்ந்து நிலத்தில் குந்தியிருந்தார். நான் போனை எடுத்து ஊருக்கு அடித்தேன். லைன் கிடைக்க நெடுநேரம் சென்றது. அம்மா எடுத்தார். என்ன சொல்வதற்காக எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்காவுக்குச் சொல்ல வழி இல்லை. அம்மாவுக்குச் சொல்லி ஆகப்போவதும் இல்லை.

அண்ணை நிலத்தில் இருந்தபடியே உதட்டில் விரல் வைத்தார். போனில் சொல்லாதே.

"சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "றெஜி சுகமோ?"

"சுகமா இருக்கிறார். சும்மாதான் எடுத்தனான். நீங்கள்?"

"நாங்கள் இருக்கிறம்." அம்மா நிறுத்தினார். "பொறு."

போனுக்குள், கடலுக்கு அப்பால் யாரோ சீலை கிழிப்பது போல, மிக மெல்லியதாக, அது கேட்டது. நான் தலைக்கு மேலே பார்த்த அதே இரண்டும்.

அம்மாவின் மூச்சு மட்டும் வந்தது. அவர் பெயரைச் சொல்லவில்லை. எங்கே போகிறது என்றும் சொல்லவில்லை.

"என்ன கறி அம்மா இண்டைக்கு?" என்று கேட்டேன்.

சத்தம் தேய்ந்து முடியும்வரை பதில் இல்லை.

"ஓரா மீன்," என்றார் அம்மா. "புளி கொஞ்சம் கூடிப்போச்சு."